மூன்றாவது பந்து: ரோபோகொன் விதிகளை எடைபோடுதல்

2024 ஓகஸ்ட்டில் வியட்நாமின் குவாங் நின் மாகாணத்தில் நடந்த ஏபியு ரோபோகொன் போட்டிக்கு 'அறுவடை நாள்' என்று பெயர். நாற்று நடுவது, நெல் அறுப்பது, பதரை ஒதுக்குவது, களஞ்சியத்தில் சேர்ப்பது என்று ஆட்டம் முழுக்க வயல் வேலைதான். சம்மாந்துறைக் கண்டங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த விதிநூல் அந்நியமாகத் தோன்றாது. நாற்று நடுகை மட்டும் அவ்வளவு பழக்கமில்லை. அம்பாறையில் பெரும்பாலும் விதைப்புத்தான். ஆனாலும் நெல்லுக்காக நான் இதை எடுக்கவில்லை. மாணவன் கையால் இயக்கும் ரோபோவும் தானே இயங்கும் ரோபோவும் ஒரே அணியில் ஆடும்போது வெற்றி எந்தத் திறமைக்குப் போய்ச் சேரவேண்டும்? இந்தக் கேள்விக்கு, நான் வாசித்த ரோபோகொன் விதிநூல்களுள் மிகத் தெளிவான விடையைச் சொன்னது இதுதான். அந்த விடை எவ்வளவு சரியானது, கல்முனையிலோ ஒலுவிலிலோ நாம் ஒரு போட்டி வைத்தால் அதில் எதை எடுத்து எதை விடலாம் என்பதே இங்கு பேச்சு.

இந்தப் போட்டியை நடத்துவது ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம். 2002இல் தோக்கியோவில் தொடங்கியது. முதல் வெற்றி வியட்நாமுக்கு. இலங்கை அணிகளும் இதில் ஆடியிருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் நடத்தும் நாடு புதிய ஆட்டம் ஒன்றை வகுக்கிறது, அதற்கேற்ப விதிகளும் புதிதாகின்றன. இதைத் தொலைக்காட்சிக்காரர்கள் உருவாக்கினார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆட்டம் 3 நிமிடத்தில் முடிய வேண்டும், வென்றது யார் என்பது வீட்டில் இருந்து பார்ப்பவருக்கும் உடனே விளங்க வேண்டும் என்ற தேவை விதிகளின் அடி ஆழம் வரை இறங்கியிருக்கிறது.

பழைய ஆட்டங்களோடு ஒப்பிட்டால்தான் 2024இன் சிறப்புத் தெரியும். 2014இல் இந்தியாவின் புனே நகரில் நடந்த ஆட்டம் பெற்றோரைப் போற்றுவது. கையால் இயக்கும் தாய் ரோபோ, தன்னியக்கமான பிள்ளை ரோபோவைத் தூக்கிச் சென்று ஏற்றப்பலகையிலும் ஊஞ்சலிலும் வைத்து ஆட்ட வேண்டும். பார்க்க மனதுக்கு இதமான ஆட்டம்தான். ஆனால் ஊஞ்சலில் இருக்கும் பிள்ளைக்கு வேலை என்ன? பிடித்துக்கொண்டிருப்பது மட்டுமே. கம்பங்களின் மேல் நடக்கும்போதும் இறுதியில் ஏணி ஏறும்போதும்தான் அது தானாக எதையாவது செய்கிறது. அங்கும் உயரமும் இடைவெளியும் முன்பே அளந்து கொடுக்கப்பட்டவை. அளந்து வைத்த பாதையில் பிசகாமல் போவது நல்ல பொறியியல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ரோபோ தன் சூழலைப் பார்த்து எதையும் தீர்மானிப்பதில்லை. தன்னியக்கம் என்ற பெயர் அதற்குப் பொருந்துகிறது, அந்தப் பெயர் தரும் எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை.

2016இல் பாங்கொக்கில் நடந்த ஆட்டம் வேறு வழியில் யோசித்தது. இரண்டு ரோபோக்களில் ஒன்று தன்னைத் தானே முன்தள்ளும் மோட்டர் எதையும் வைத்திருக்கக் கூடாது. திசை திருப்ப ஒரே ஓர் இயக்கி மட்டும். காற்றாலோ காந்தத்தாலோ மற்ற ரோபோ அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பொருளைக் குறைத்துச் சிந்தனையைக் கூட்டிய விதி இது. பணமுள்ள அணி விலை கூடிய மோட்டர் வாங்கி முந்திவிட முடியாது, மோட்டரே கிடையாதே! ரோபோகொன் வரலாற்றில் ஏழை அணிக்கு இவ்வளவு நேர்மையாக இடம் விட்ட விதியை நான் வேறு காணவில்லை.

இவற்றுக்கு இடையிலும் பின்னும் ஒரு தளம்பல் இருந்தது. 2015இல் ரோபோக்கள் பூப்பந்து ஆடின, 2017இல் மேடைகளின் மேல் வட்டுகளை எறிந்தன. இரண்டு ஆட்டங்களிலும் தன்னியக்கம் கட்டாயமில்லை. 2017இல் வென்றது வியட்நாமின் லாக் ஹொங் பல்கலைக்கழகம். கட்டுப்பாடு தளர்ந்த ஆண்டுகளில் கைத்திறனும் பொறிமுறை நுட்பமும் உள்ள அணிகள் பெரிய ஆய்வுகூடங்கள் இல்லாமலே மேலே வர முடிகிறது என்று இதை வைத்து ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அப்படியான போட்டியில் மாணவர் கற்றுக்கொள்வது இயந்திரம் கட்டுவதும் அதை ஓட்டுவதும் மட்டும்தான். தானே முடிவெடுக்கும் இயந்திரத்தை எப்படி எழுதுவது என்ற பாடம் பையைத் திறக்காமலே போய்விடுகிறது. நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காமலிருப்பது அந்தப் பாடம்தான்.

இனி 2024. முதல் ரோபோ கையால் இயங்கலாம், தன்னியக்கமாகவும் இருக்கலாம். இரண்டாவது கட்டாயம் தன்னியக்கம். முதல் பகுதியில் நடும் ஒவ்வொரு நாற்றுக்கும் 10 புள்ளி, அறுவடையாகிச் சேமிப்பிடத்துக்கு வரும் ஒவ்வொரு நெல்லுக்கும் 10 புள்ளி. நெல் என்பது அணியின் நிறத்திலான பந்து. கடைசிப் பகுதிக்குள் முதல் ரோபோவுக்கு அனுமதியில்லை. அங்கே இரண்டு அணிக்கும் பொதுவாக ஐந்து களஞ்சியங்கள். ஒவ்வொன்றும் மூன்று பந்து கொள்ளும், உள்ளே போகும் பந்துக்கு 30 புள்ளி. களஞ்சியம் நிறைந்து, அதில் குறைந்தது இரண்டு பந்து தன் நிறமாகவும் மேலே இருப்பது தன் நிறமாகவும் இருந்தால் அந்தக் களஞ்சியம் அந்த அணிக்குரியது. மூன்று களஞ்சியங்களை அப்படிப் பிடித்தால் 'முவா வாங்': ஆட்டம் அந்த நொடியே முடிந்துவிடும், புள்ளிகளைப் பார்ப்பதில்லை.

ஒரு களஞ்சியத்துக்கு அருகில் போய்ப் பார்ப்போம். அடியில் ஒரு சிவப்பு, அதன் மேல் ஒரு நீலம். சிவப்பு அணியின் ரோபோ கையில் ஒரு பந்தோடு வந்து நிற்கிறது. அதைப் போட்டால் இரண்டு சிவப்பு, மேலே சிவப்பு; களஞ்சியம் அதற்கு. அது தயங்கி நிற்கும் இடைவெளியில் நீல ரோபோ முந்திப் போட்டால் அதே களஞ்சியம் நீலத்துக்கு. இப்போது அடியில் இரண்டும் நீலமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிவப்புப் பந்தைப் போட்டால் சிவப்புக்குக் களஞ்சியம் கிடைக்காது, ஆனால் 30 புள்ளி கிடைக்கும், நீலத்தின் வழியும் அடைபடும். தடுப்பதா, அடுத்த களஞ்சியத்தில் தனக்கென்று கட்டுவதா? எதிரி எத்தனை களஞ்சியம் பிடித்திருக்கிறான், நேரம் எவ்வளவு மீதி என்பதைப் பொறுத்து விடை மாறும். இந்தக் கணக்கை மாணவன் முன்கூட்டியே அளந்து கொடுக்க முடியாது, ஏனென்றால் எதிரணி என்ன செய்யும் என்பது அவனுக்கே தெரியாது. ரோபோதான் பார்க்க வேண்டும், ரோபோதான் முடிவெடுக்க வேண்டும். தன்னியக்கத்தைச் சோதிக்க இதைவிட நேரான வழி இல்லை.

ஒதுக்க வேண்டிய பதர்ப் பந்தின் நிறத்தைத் தேர்ந்ததிலும் யோசனை தெரிகிறது. அது ஊதா. சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில் கிடக்கும் நிறம், கமெராவை ஏமாற்றவென்றே பிறந்தது. மண்டப வெளிச்சம் கொஞ்சம் மாறினால் ஊதா ஒரு பக்கம் சாயும். வெளிச்ச மாற்றத்தைத் தாங்கும் நிரலை எழுதியவரே இங்கு தேறுவார். பாடசாலை மண்டபத்தில் யன்னல் வழியே பிற்பகல் வெயில் விழும்போது என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் இந்த விதியின் கூர்மை புரியும்.

குறைகளுக்கு வருவோம். முதல் ரோபோவைத் தன்னியக்கமாக்கினால் மேலதிகமாக ஒரு புள்ளியும் இல்லை. அதனால் அதைச் செய்யத் துணிபவருக்கு நட்டம்தான். எல்லாரும் கைக்கட்டுப்பாட்டையே பிடித்துக்கொள்வதில் வியப்பில்லை. நாற்று நடுகையையும் சேமிப்பையும் தன்னியக்கமாகச் செய்தால் இரட்டைப் புள்ளி என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்.

மீள்தொடக்கம் இன்னும் நுணுக்கமானது. ரோபோ தடுக்கி நின்றால் அதை எடுத்துத் திரும்பத் தொடங்கும் சலுகை ரோபோகொனில் நெடுங்காலமாக உண்டு. புதிய அணிகளுக்கு அது தேவைதான். ஆனால் ரோபோவில் மூன்று ஆளிகள் இருந்தால், தொடக்க இடத்தில் அதைத் தொடும் மாணவன் எந்த ஆளியை அழுத்துகிறான் என்பதன் வழியாகக் களத்தின் நிலையை அதற்குச் சொல்லிவிட முடியும். 'இரண்டாம் களஞ்சியத்துக்குப் போ' என்று வாயால் சொல்வதும் இதுவும் ஒன்றுதான். மனிதத் தகவல் தன்னியக்க ரோபோவுக்குள் கசியும் வழி இது. நம் போட்டியில் தொடக்க ஆளி ஒன்றே ஒன்று இருக்க வேண்டும், மீள்தொடக்கத்தின் போது வேறெதையும் தொடக் கூடாது என்று எழுதிவிட வேண்டும்.

செலவு எல்லாவற்றையும் விடக் கனமான குறை. இரண்டு ரோபோவும் சேர்ந்து 50 கிலோவுக்குள் இருக்க வேண்டும், ஒரு சீமெந்துப் பையின் எடை. மின்னழுத்தம் 24 வோல்ட். இந்த எல்லைகள் பாதுகாப்புக்குப் போதும், சமத்துவத்துக்குப் போதாது. எடைக்கு எல்லை வைத்த விதிநூல் விலைக்கு எல்லை வைக்கவில்லை. 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்ட பிறகு, இறக்குமதியாகும் ஆழக் கமெராவும் அதற்கு ஈடுகொடுக்கும் சிறுகணினியும் நம் மாணவருக்கு எட்டாப் பொருளாகிவிட்டன. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துப் பொறியியல் பீடம் எப்படியோ சமாளிக்கலாம். கல்முனை சாஹிராவிலும் மஹ்மூத் மகளிர் கல்லூரியிலும் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் வந்துவிட்டது, பாடம் இருக்கிறது. பாடத்தைக் கையில் எடுத்து விளையாட ஒரு களம்தான் இல்லை.

மொழியையும் சொல்ல வேண்டும். விதிநூல் ஆங்கிலத்தில் வருகிறது. அதன் பிறகு அணிகள் கேட்கும் கேள்விகளுக்குத் தரப்படும் பதில்களும் ஆங்கிலத்தில் வந்து சேர்ந்து, உண்மையில் அவையே விதியாகிவிடுகின்றன. தமிழில் படிக்கும் மாணவன் விதியை ஆசிரியர் சொல்லிக் கேட்டுத் தெரிந்துகொள்கிறான், கேள்வி கேட்கும் உரிமை மட்டும் அவன் கைக்கு வருவதில்லை. தமிழ் விதிநூலும் தமிழில் கேட்டுத் தமிழிலேயே பதில் பெறும் ஏற்பாடும் இல்லாத மாவட்டப் போட்டி பாதிப் போட்டிதான்.

எனவே என் தீர்ப்பு இது. தன்னியக்கத்தையும் கையியக்கத்தையும் பிரித்து, கடைசி வெற்றியைத் தன்னியக்கத்தின் கையில் வைத்த முறையில் 2024இன் விதிகள் நான் எடுத்துப் பேசிய எல்லாவற்றிலும் மேல். பொதுக் களஞ்சியமும் மூன்றாவது பந்தும் ஊதாப் பதரும் அப்படியே நம் களத்துக்கு வரட்டும். அதோடு 2016இன் மனம் ஒட்டப்பட வேண்டும்: தன்னியக்க ரோபோவுக்கு ஒரே ஒரு சாதாரண கமெரா, விலைப்பட்டியலோடு ஒப்படைக்க வேண்டிய செலவு எல்லை. கமெரா வாங்க முடியாத பாடசாலைக்கு ஏற்பாட்டாளர்களே நிற உணரியைக் கொடுக்கலாம், பந்தை அருகில் கொண்டுபோய்ப் பார்க்க அது போதும்.

உடனடி வெற்றியை மட்டும் நான் எடுக்கமாட்டேன். தொலைக்காட்சிக்கு அது தேவைப்படலாம், தன்னியக்க ரோபோவின் உழைப்பில் மட்டுமே அது கிடைக்கிறது என்பதும் அதன் பெருமை. ஆனால் மாதக்கணக்கில் உழைத்த ஒரு பாடசாலை அணியின் ஆட்டம் எதிரணி மூன்றாம் களஞ்சியத்தைப் பிடித்த நொடியில் நின்றுவிட்டால், அந்தப் பிள்ளைகள் எழுதிய நிரல் கடைசி வரை ஓடுவதை அவர்களே பார்க்கமாட்டார்கள். முவா வாங்குக்கு 100 புள்ளி கொடுத்து, 3 நிமிடமும் இரண்டு அணியையும் ஓடவிட வேண்டும்.