ஒரு பல்லின் விலை

நாவலாசிரியர்கள் பொறாமைப்பட வேண்டிய கடிதம் ஒன்று உண்டு. விடுதலை பெற்ற அமெரிக்க அடிமை ஜோர்டன் ஆண்டர்சன் 1865-ல் சொல்லி எழுதுவித்தது. மறுபடி வேலைக்கு வரும்படி கூப்பிட்ட பழைய எஜமானருக்குப் பதில். தமக்கு 32 வருஷம், மனைவி மாண்டிக்கு 20 வருஷம், ஆகக் கூலி பாக்கி 11,680 டாலர், வட்டி தனி. துணிமணிச் செலவு, தமக்கு வைத்தியர் மூன்று தடவை வந்தது, மாண்டிக்குப் பல் பிடுங்கியது, இவற்றைக் கழித்துக்கொள்ளலாமாம்! எஜமானரின் தயாள குணம் முழுவதும் அந்த ஒற்றைப் பல்லில் அம்பலமாகிவிடுகிறது. வசைபாடியிருந்தால் இவ்வளவு உறைத்திருக்காது.

நஷ்டஈட்டை ஆராயக் குழு அமைக்கும் மசோதா அமெரிக்கக் காங்கிரஸில் முதலில் வந்தது 1989-ல், இன்னும் நிறைவேறவில்லை. அதையெல்லாம் கணக்கிடவே முடியாது என்று வாதிப்பவர்கள் உண்டு. ஆண்டர்சனோ, பணத்தை அனுப்ப வேண்டிய விலாசம்கூடக் கொடுத்திருந்தார்.