மீஸான் கல்லும் நமது வாசிப்பும்

இலங்கை முஸ்லிம்களின் வரலாறு பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகளில் ஒரு கல் திரும்பத் திரும்ப வரும். கொழும்பில் கிடைத்த, கூபி எழுத்துப் பொறித்த பத்தாம் நூற்றாண்டு மீஸான் கல் அது; காலித் இப்னு அபூ பகாயா என்பவருடையது. திசாவை ஒருவர் அதைப் பெயர்த்துத் தன் வீட்டுப் படிக்கட்டுக்கு வைத்துக்கொண்டதாக, இங்கு பிரதம நீதியரசராயிருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் எழுதியிருக்கிறார். சாமுவேல் லீயின் மொழிபெயர்ப்போடு அது 1827இல் லண்டனில் அச்சேறியது.

படிக்கட்டிலிருந்து மீண்ட கல்லை நாம் வாசித்தோமா என்பதே என் கேள்வி.

சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் வாதிட்டார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதை மறுத்து நூல் வெளியிட்டார். அன்றைய நிலையில் அம்மறுப்பு அவசியமானது. ஆனால் அந்த வழக்காடும் தொனி நமது வரலாற்றெழுத்தை விட்டு இன்னும் நீங்கவில்லை. கல்லைச் சாட்சிக்கூண்டில் ஏற்றி அதன் ஆண்டை மட்டும் கேட்கிறோம். ஆண்டைச் சொன்னதும் இறக்கிவிடுகிறோம். அதைச் செதுக்கியவர் யார்? அந்நியத் துறைமுகமொன்றில் கூபி எழுத்தை வாசிக்க எத்தனை பேர் இருந்திருப்பர்? யார் வாசிப்பதற்காக அது நடப்பட்டது? மீஸான் கல் ஓர் இலக்கியப் பிரதியும்தான். மரித்தவருக்காக உயிரோடிருப்பவர் விட்டுச்சென்ற சொல் அது.

1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது நான் சிறுவன். 2009இல் யுத்தம் முடிந்தபின் பூநகரிக்குத் திரும்பி, மையவாடியில் பற்றை வெட்டினோம். எழுத்தில்லாத கற்கள், சில இடங்களில் கல்லும் இல்லை. உம்மா வேலியோரத்திலிருந்து அடியளந்து வந்து, “இதுதான் உம்மும்மாட கபுறு” என்றார். பின்னர் காணி அலுவலாக வந்த உத்தியோகத்தர் ஒருவர் கேட்டார்: “எழுத்துள்ள கல் ஏதும் இருக்கா?”

நமது ஆய்வாளரும் இதையே கேட்கிறார்கள். கூபியில் பெயர் பொறிக்கப்பட்ட வணிகர் வரலாறாகிறார். மீன் காயவைத்து, வயல் விதைத்து இம்மண்ணில் அடங்கியவர் சாட்சியாகக்கூட ஆவதில்லை. பழைமையைக் கொண்டு உரிமையை நிறுவப் புறப்பட்டவர்கள், பழைமையைக் காட்ட முடியாத நம்மவரையே வெளியே நிறுத்திவிட்டார்கள்.

கொழும்புக் கல்லை முழுதாக வாசிப்போம். கூடவே, எந்தக் கபுறு யாருடையது என்று அறிந்த உம்மாமார் இருக்கும்போதே ஊர் ஊராக எழுதிவைப்போம். என் மாணவர்கள் ஒரு கொப்பியில் தொடங்கியிருக்கிறார்கள். அதில் முதற்பெயர் உம்மும்மாவுடையது.