நூற்றைம்பது பீஸ் கணக்கு

திருப்பூரில் ஆர்டர் என்றால் ஒரு டிசைனுக்கு ஆயிரக்கணக்கான பீஸ் என்று பேசித்தான் பழக்கம். சீன ஆன்லைன் நிறுவனமான ஷீன் அந்தக் கணக்கையே மாற்றியது. ஒரு டிசைனில் 100, 200 பீஸ் மட்டும் தைத்துச் செயலியில் ஏற்றும். விற்றால் உடனே மறு ஆர்டர். விற்காவிட்டால் அதோடு சரி. குவாங்சோ நகரின் பான்யூ பகுதியில் நெருங்கிக் கிடக்கும் சிறு தையல் கூடங்களால்தான் இது நடக்கிறது.

இந்த முறையை நான் மதிக்கிறேன். பல மாதம் முன்பே ஊகித்துத் தைத்த சரக்கு, பையர் கழித்துவிட்டதும் திருப்பூரின் காதர்பேட்டைச் சந்தையில் அடிமாட்டு விலைக்குப் போவதை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. வீணாவது நூலும் தண்ணீரும் உழைப்பும். தவிர, நிட்டிங் ஒருவர், கட்டிங் ஒருவர், தையல் ஒருவர் என்று ஜாப் ஒர்க்கில் பிரிந்து நிற்கும் ஊருக்குச் சின்ன ஆர்டர் அந்நியமும் அல்ல.

ஆனால் ஷீனின் மலிவு இந்த முறையால் மட்டும் வந்ததல்ல. 800 டாலருக்கு உட்பட்ட பார்சலுக்கு அமெரிக்கா வரி போடவில்லை; கன்டெய்னரில் போன நம் பருத்தி டி-ஷர்ட்டுக்கு 16.5 சதவீதம் போட்டது. சீனப் பார்சல்களுக்கு அந்தச் சலுகை 2025 மே மாதம்தான் நின்றது. மீதி மலிவு தொழிலாளியின் நேரத்திலிருந்து வந்தது. ஷீனுக்குத் தைக்கும் கூடங்களில் வாரம் 75 மணி நேரம் வரை வேலை நடப்பதாக, சுவிஸ் அமைப்பான பப்ளிக் ஐ 2021இல் வெளியிட்டது.

இங்கே அந்தச் சின்ன லாட் முறை எப்படி இறங்கும் என்பதை ஒரு பிளாட்லாக் தையல் மெஷின் பக்கத்தில் நின்றால் புரிந்துகொள்ளலாம். கலர் மாறினால் டைலர் ஐந்து நூலையும் அறுத்து, புது நூலைப் பழையதோடு முடிந்து, ஒவ்வொன்றாக இழுத்து, துண்டுத் துணியில் ஓட்டிப் பார்க்கிறார். புது டிசைனுக்குக் கை பழக அரை நாளாவது வேண்டும். ஐயாயிரம் பீஸ் ஓடினால் அந்த அரை நாள் கரைந்துவிடும். நூற்றைம்பது பீஸில் கை பழகும்போது லாட்டே முடிந்திருக்கும். பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. சின்ன லாட்டின் செலவு முழுக்க அவர் சனிக்கிழமைச் சம்பளத்தில்தான் விழும்.

சாயப்பட்டறையிலும் இதே கதை. நூற்றைம்பது டி-ஷர்ட்டுக்குத் துணி ஏறக்குறைய 30 கிலோ. சின்ன மெஷினில் அதைச் சாயமேற்றினால் கிலோவுக்கான செலவு கூடும். சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் செலவை இந்த ஊர் சுமக்கிறது. அது சரியான செலவு. அதைக் கழித்துக்கொண்டு பான்யூ விலைக்கு இறங்கச் சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

2020 ஜூனில் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட ஷீன், 2025 பிப்ரவரியில் ரிலையன்ஸ் ரீடெய்ல் வழியாக, இங்கேயே தைத்த துணிகளோடு திரும்பிவிட்டது. ஆகவே இந்தப் பேரம் இனி நம் வாசலிலேயே நடக்கும். சின்ன லாட் எடுக்கும் கம்பெனிகள் விலை பேசும்போது, நூல் மாற்றும் நேரத்துக்கும் கை பழகும் அரை நாளுக்கும் தனியே ஒரு தொகை போட்டு, அதை டைலர் கையில் சேர்க்க வேண்டும். இப்போதைக்குப் பையருக்குக் கொடுக்கும் காஸ்டிங் ஷீட்டில் நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. அந்த அரை நாளுக்கு இல்லை.