பயத்துக்குப் பொறுப்பு யார்?

செப்டெம்பர் முடிந்து இலைகள் நிறம் மாறும் காலத்தில், அமெரிக்காவின் ரோலர் கோஸ்டர் பூங்காக்களை ஒவ்வொன்றாகத் தேடித் தனியாகக் காரோட்டிப் போகிறவர்கள் அங்கே ஒரு கூட்டமாகவே இருக்கிறார்கள். ரொறன்ரோவில் வளரும் நம்முடைய பிள்ளைகளுக்கும் அந்த ருசி புதிதல்ல. கனடாஸ் வொண்டர்லாண்டில் அதைப் பழகியவர்களுக்கு ஒகையோவும் பென்சில்வேனியாவும் ஒரு நாள் காரோட்டத் தூரம்தான். அவர்கள் ஊருக்கு வரும்போது கேட்கிறார்கள்: "இஞ்ச ஏன் அப்பிடி ஒண்டும் இல்லை?" முதலீட்டைப் பற்றிப் பேசுவோர் வாயில் அதே கேள்வி, யாழ்ப்பாணத்துக்கு ஒரு பெரிய கேளிக்கைப் பூங்கா வேண்டும் என்ற கோரிக்கையாகிறது. அந்தப் பயணத்தில் எது சிறப்பு, எது வெறும் பெயர் என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். பிறகு புரட்டாசி, ஐப்பசியில் குடாநாட்டைத் தனியாளாகச் சுற்றி வரும் பயணத்தை அதே அளவுகோலால் அளக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பூங்காவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாம்.

ஒகையோவின் சீடர் பொயின்றில் தொடங்குவது பொருத்தம், ஏனென்றால் அதுவும் ஒரு குடாநாடுதான். ஈரி ஏரிக்குள் நீண்டு கிடக்கும் மணல்திட்டு. தாம்போதி வழியாகப் போய்ச் சேரலாம். 1870 இல் அது மக்கள் குளிக்கப் போகும் ஒரு கரை, அவ்வளவுதான். 1892 இல் முதல் கோஸ்டர் வந்தது. 2000 இல் 94 மீற்றர் உயரத்துக்கு ஏறி, மணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீற்றர் வேகத்தில் இறங்கும் மிலெனியம் ஃபோர்ஸ் வந்தது. காரைநகரின் கசூரினாக் கரையை வைத்துக் கனவு காண்பவர்கள் இந்த வளர்ச்சியைத்தான் சுட்டிக்காட்டுவார்கள். ஆனால் ஒரு குளியல் கரை அந்த உயரத்தை எட்ட 130 ஆண்டுகள் எடுத்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உயரம் மட்டுமே கவர்ச்சி என்றால் பென்சில்வேனியாவின் காட்டுக்குள் இருக்கும் க்னோபெல்ஸுக்கு யாரும் போகத் தேவையில்லை. அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. ஏறும் ஒவ்வொன்றுக்கும் மட்டும் பணம். அதன் பெருமை பீனிக்ஸ் என்னும் மரக் கோஸ்டர். ரெக்ஸாஸின் சான் அன்ரோனியோவில் மூடப்பட்ட பூங்கா ஒன்றில் கைவிடப்பட்டுக் கிடந்ததைப் பிரித்து ஏற்றிவந்து, மீண்டும் பொருத்தி, 1985 இல் ஓடவிட்டார்கள். சின்சினாற்றிக்கு அருகே கிங்ஸ் ஐலண்டில் 1979 இலிருந்து ஓடும் பீஸ்ற், இரண்டு கிலோமீற்றருக்கும் அதிகமான மரத் தண்டவாளத்தோடு காட்டுக்குள் புகுந்து வெளிவருகிறது. பழையதைக் காப்பாற்றி ஓட வைத்திருக்கும் அக்கறைதான் இவற்றுக்கு ஆட்களை இழுக்கிறது.

குறைகளும் உண்டு. சீடர் பொயின்றுக்கும் கிங்ஸ் ஐலண்டுக்கும் இடையே ஏறத்தாழ 300 கிலோமீற்றர். அந்த நெடுஞ்சாலையில் பார்க்க அதிகம் இல்லை. செப்டெம்பருக்குப் பிறகு பெரும்பாலான பூங்காக்கள் வார இறுதிகளில் மட்டுமே திறக்கின்றன. ஆகவே இலையுதிர் காலத்தில் கூட்டம் இராது என்ற பேச்சு பாதிதான் உண்மை. ஹலோவீன் கொண்டாட்டம் நடக்கும் ஒக்டோபர்ச் சனிக்கிழமையில் வரிசை கோடையை விட நீளும். அந்தப் பயணத்தின் பெறுமதி முழுவதும் போய்ச்சேரும் இடங்களில் இருக்கிறது. வழியில் இல்லை.

அப்படியானால் அந்த இடங்களில் என்னதான் கிடைக்கிறது? விழுகிறேன் என்று உடம்பு அலறுகிறது. விழமாட்டாய் என்று அறிவு சொல்கிறது. இரண்டும் ஒரே கணத்தில் நடப்பதுதான் அந்த இன்பம். அறிவு அப்படிச் சொல்வதற்குக் காரணங்கள் இருக்கின்றன. ஜோன் மில்லர் என்ற வடிவமைப்பாளர், தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சில்லைப் பொருத்தி, வண்டி மேலே எழும்பிப் போகாமல் பிடித்து வைக்கும் முறைக்கு 1919 இல் காப்புரிமை பெற்றார். இன்றைய கோஸ்டர்கள் பெரும்பாலும் அந்தச் சில்லை நம்பித்தான் ஓடுகின்றன. பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு வண்டிக்கு மேல் புகாதபடி தடைகள் வைத்திருக்கிறார்கள். மரக் கோஸ்டர் என்றால் காலையில் ஒருவர் தண்டவாளம் முழுவதும் நடந்து பார்க்கிறார். பிறகு வெறும் வண்டியை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். காற்றுப் பலத்தால் நிறுத்திவிடுகிறார்கள், வந்தவர் எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும். அந்தப் பயத்துக்கு ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார். அதனால்தான் அது விளையாட்டாகிறது.

இந்தப் பொறுப்பு அங்கே குறையில்லாமல் நிற்கிறது என்று நான் சொல்லவில்லை. நிலையான பூங்காக்களின் ஓட்டங்களைக் கண்காணிக்கும் அதிகாரம் 1981 இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அன்றிலிருந்து அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. 2016 இல் கன்சாஸில் ஒரு நீர்ச்சறுக்கில் பத்து வயதுச் சிறுவன் உயிரிழந்தான். அதன் பிறகு விசாரணையும் வழக்கும் வந்தன, அந்தச் சறுக்கு இடிக்கப்பட்டது. இறந்த பிள்ளைக்கு அது ஈடாகாது. ஆனாலும் யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு அங்கே ஒரு விலாசம் இருந்தது.

இனிக் குடாநாடு. இங்கே இலை உதிர்வதில்லை, ஆனால் பருவம் மாறுவது உடம்பில் தெரியும். மாதக்கணக்காக அடித்த சோளகம் புரட்டாசியில் தணிகிறது. தீவுப் பக்கக் கடல் இளகுகிறது. பனம்பழம் விழுந்து முடிகிற காலம்; சந்தையில் பனங்காய்ப் பணியாரம். தென்மராட்சியில் விதைப்புக்கு நிலம் பண்படுகிறது. ஐப்பசியின் பிற்பகுதியில் மாரி வந்துவிட்டால் ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும். ஆகவே சுற்றிப் பார்ப்பவருக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான்.

மோட்டார் சைக்கிளில் பண்ணைத் தாம்போதியில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல், கிட்டத்தட்டச் சில்லின் மட்டத்தில். வேலணையைக் கடந்து புங்குடுதீவுக்குப் போகும் வாணர் தாம்போதியில் பக்கக் காற்று வண்டியைத் தள்ளும்; கைபிடியை இறுக்கிக்கொண்டே போக வேண்டும். திரும்பி ஊர்காவற்றுறைக்கு வந்தால் காரைநகருக்குப் 'பாதை' இருக்கிறது: ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு, கடற்கோட்டையைப் பார்த்தபடி மெல்ல நகரும் மிதவை. பிறகு பொன்னாலை, மாதகல், கீரிமலை, காங்கேசன்துறை. தொண்டைமானாற்றில் வடமராட்சி தொடங்குகிறது. வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, வல்லிபுரம் கடந்து மணற்காட்டில்தான் நிலம் முதன்முதலாக மேடு பள்ளமாகிறது. மணலில் புதைந்த பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள் அங்கே நிற்கின்றன. நாகர்கோவிலையும் மருதங்கேணியையும் தாண்டி மேற்கே திரும்பினால் ஏ-9. வழி என்ற ஒன்றை மட்டும் வைத்து அளந்தால் ஒகையோ பக்கத்திலும் வர முடியாது. ஒரு பகலில் தாம்போதி, மிதவை, செம்மண் தோட்டம், பவளக்கல் மதில், மணல்மேடு, உப்பங்கழி எல்லாம் மாறி மாறி வருகின்றன, எதற்கும் சீட்டு எடுக்கத் தேவையில்லாமல்.

பயத்தை விளையாட்டாக்கும் கலையும் இங்கே உண்டு. சீடர் பொயின்ற் 1997 முதல் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் பேய் வேடங்களோடு ஹலோவீன் கொண்டாடுகிறது. அதே பருவத்தில் நமக்குக் கந்தசட்டி. ஆறாம் நாள் சூரன்போர். சூரனைத் தோளில் ஏற்றிய இளைஞர் கூட்டம் வீதியில் சுழன்று ஓடி, கூட்டத்தை நோக்கிப் பாய்ந்து, பின்வாங்கி, மறுபடி பாய்கிறது. பிள்ளைகள் அலறிக்கொண்டு தகப்பனின் தோளில் ஏறுகிறார்கள். தலை மாறுகிறது: யானை முகம், சிங்க முகம். மாமரமாகிறான், சேவலாகிறான். முடிவு எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பாய்ச்சலில் நெஞ்சு ஒரு கணம் நிற்கிறது. இதை வேடிக்கை என்று ஒதுக்குபவர்கள் அதன் நுட்பத்தைப் பார்க்கவில்லை. தூக்குபவர்கள் ஒருவர் தோளை ஒருவர் அறிந்தவர்கள், பல ஆண்டுகள் பழகியவர்கள். எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று முன்னால் நின்று குரல் கொடுக்க மூத்தவர் ஒருவர் இருக்கிறார். அரங்கேற்றப்பட்ட பயம் என்ற வகையில் இது அமெரிக்கப் பேய் வீடுகளை விட உயர்ந்தது என்பது என் துணிபு. காசு கொடுத்தவரை மிரட்டுவதோடு அங்கே வேலை முடிகிறது. இங்கே மிரட்டுபவனும் மிரள்பவனும் ஒரே ஊர்.

ஆனால் கோயில் வீதியை விட்டு வெளியேறியதும் அந்தப் பொறுப்பு அறுந்துவிடுகிறது. புங்குடுதீவின் குறிகட்டுவானில் படகு ஏறும்போது உயிர்காப்பு அங்கிகள் ஒரு மூலையில் குவிந்து கிடக்க, பாதிப் பேர் அணியாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். நெடுந்தீவுக் கடப்பு ஏறத்தாழ ஒரு மணி நேரம், சோளகத்தில் அலை மேலேறி வரும் கடல். வடமராட்சி கிழக்கின் கரை திறந்த வங்கக் கடலைப் பார்த்துக் கிடக்கிறது. அதன் பெரும் பகுதியில் உயிர்காப்பாளர் எவரும் இல்லை. கடைசிப் படகும் கடைசி பஸ்ஸும் எத்தனை மணிக்கு என்பதை ஊரவரிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும். உடை மாற்ற இடமும் ஒழுங்கான மலசலகூடமும் இல்லாத கரைகளே அதிகம். தனியாக வரும் பெண்ணுக்கு அதுவே பயணத்தைத் தடுத்துவிடப் போதும்.

தனிமை பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் சில பூங்காக்களில் தனியாக வருபவருக்கென்றே வேறு வரிசை உண்டு. ஏன் தனியாக வந்தாய் என்று எவரும் கேட்பதில்லை. இங்கே தேநீர்க் கடையில் இறங்கினால், "தம்பி எவடம்? தனியவோ வந்தனீர்?" என்ற கேள்வி நிச்சயம். அதை முழுக்கத் தொந்தரவு என்று நான் எழுதமாட்டேன். மழை இருண்டால் தாவாரத்தில் இடம் தருபவரும் அந்தக் கேள்வியைக் கேட்டவர்தான். ஆனால் அதே கேள்வி ஒரு பெண்ணிடம் கேட்கப்படும்போது தொனி மாறுகிறது, கேட்பவர் கண்ணும் மாறுகிறது. அக்கறை எங்கே முடிந்து கண்காணிப்பு எங்கே தொடங்குகிறது என்பதை அவள்தான் ஒவ்வொரு தரிப்பிலும் கணிக்க வேண்டியிருக்கிறது. இந்த அளவுகோலில் குடாநாடு தோற்கிறது.

யாருமே பொறுப்பேற்காத பயம் எப்படி இருக்கும் என்பது இந்த வழிகளுக்குத் தெரியும். குறிகட்டுவானிலிருந்து இன்று போகும் அதே கடலில்தான் 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தரைவழி அடைபட்டபோது சனங்கள் கிளாலிக் கடலை இருட்டில் சிறு படகுகளில் கடந்தார்கள். பலர் கரை சேரவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தின் பல இலட்சம் மக்கள் செம்மணி, நாவற்குழி வழியே மழையில் தென்மராட்சிக்கு நகர்ந்தார்கள். ஐப்பசியில் ஏ-9 வழியாக யாழ்ப்பாணம் திரும்புகிறவர் அந்த நாவற்குழிப் பாலத்தைத்தான் கடக்கிறார். இதைச் சொல்வதால், அவ்வளவு பட்ட மண்ணுக்குக் கிளர்ச்சி விளையாட்டுகள் தகாது என்ற வாதத்தை நான் ஏற்பதாகக் கொள்ளக் கூடாது. போர் முடிந்த 2009 க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குப் பயத்தை விளையாட்டாக மட்டுமே அறிந்து வளர முழு உரிமை உள்ளது. 2021 டிசம்பரில் வடமராட்சியில் பெரிய பட்டத்தின் கயிற்றோடு இளைஞர் ஒருவர் வானத்துக்குத் தூக்கப்பட்டுத் தப்பிய காட்சியை உலகமே பார்த்தது. உயரத்தின் மீதான ஆசை இங்கே குறைவில்லை. கீழே பிடிக்க ஏற்பாடுதான் இல்லை.

ஆகவே பூங்கா பற்றிய கோரிக்கையை நான் மூன்று காரணங்களால் நிராகரிக்கிறேன். முதலாவது தண்ணீர். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கும் மழைநீரை நம்பித்தான் வாழ்கிறோம். மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீருமாக இருக்கும் நிலாவரைக் கிணறே அதற்குச் சான்று. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே வரும். இன்றைய கேளிக்கைப் பூங்காக்களில் பாதி நீர் விளையாட்டு. இரண்டாவது, போட்டி. 2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே திருப்போரூர்ப் பக்கம் வொண்டர்லா திறந்திருக்கிறது. பலாலியிலிருந்து விமானத்தில் சென்னை போகும் குடும்பத்துக்கு அதுவே போதும். அந்த அளவில் ஒன்றை இங்கே நிறுவித் தாங்கும் சனத்தொகை இல்லை. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: ஒரு படகில் எல்லோருக்கும் அங்கி அணிவித்து அனுப்ப முடியாத நிர்வாகப் பழக்கம், 90 மீற்றர் உயரத்துத் தண்டவாளத்தை நாள்தோறும் சோதித்துப் பார்க்கும் என்று நம்ப எனக்கு ஆதாரம் எதுவும் தெரியவில்லை.

இயக்கச்சியில் புலம்பெயர்ந்தவர் முதலீட்டில் எழுந்த றீச்சா பண்ணையை எதிர்வாதமாகக் காட்டலாம். காட்டத்தான் வேண்டும். தோட்டம், மிருகங்கள், பிள்ளைகளின் விளையாட்டு என்று தன் அளவறிந்து நிற்பதால்தான் அது குடும்பங்களை இழுக்கிறது. குடாநாட்டின் கழுத்தில், நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று போதும் என்பதற்கே அது சான்று.

பயணத்தைப் பற்றிய தீர்ப்பு வேறு. தனியாளாகக் குடாநாட்டைச் சுற்ற விரும்பும் எவருக்கும் அதைத் தயங்காமல் சொல்வேன்: புரட்டாசி நடுவிலிருந்து மாரி தொடங்கும் வரை, முடிந்தால் வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தத்தை ஒட்டி. சூரன்போருக்கு மழைக்கோட்டோடு வரட்டும். நெடுந்தீவை மட்டும் தனிப் பெண்ணுக்கு இப்போதைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். குறிகட்டுவானில் நேர அட்டவணை ஒன்று எழுதித் தொங்கவிடப்படும் நாளில், அங்கி அணியாதவரை ஏற்றாமல் படகு நிற்கும் நாளில், அந்தப் பரிந்துரையை மாற்றிக்கொள்வேன். பூங்காவுக்கு ஒதுக்க நினைக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு அதற்குப் போதும்.