தவிலின் இடது பக்கம்

ஹெட்போன் ஒன்று எப்படி என்று பார்க்க நான் முதலில் போடுவது தவில்தான். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் (1933–1975) வாசிப்பு, அம்மாவின் பழைய கேசட்டில் இருந்து மடிக்கணினிக்கு ஏற்றியது. தவிலின் வலது பக்கத்தில் விரற்கூடுகள் விழும் உலர்ந்த சத்தமும், இடது பக்கத்தில் தடி விழும் கனத்த சத்தமும் தனித்தனியாகப் பிரிந்து கேட்கவேண்டும். ஆடிவேல் ஊர்வலத்தில் தவிலுக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், அந்த இடது பக்கம் வயிற்றுக்குள் அதிரும். கிருலப்பனையில் என் மேசைக்கு அதில் பாதியையாவது கொண்டுவர எட்டு மாதம் எடுத்தது.

கையில் இருப்பது சென்ஹைசர் எச்டி 650. 2003இல் வந்த மொடல். கனடாவுக்குப் போன நண்பர் ஒருவர் பல வருடம் பாவித்துவிட்டுத் தந்துவிட்டுப் போனது. மின்மறுப்பு 300 ஓம். "அம்ப் இல்லாமல் அது பாடாது" என்று கேட்ட இடமெல்லாம் சொன்னார்கள். நானும் நம்பி, ஃபியோ கே7 அம்ப்ளிபயரை முதலில் வாங்கினேன். சத்தம் கூடியது, அவ்வளவுதான். தவிலின் இடது பக்கம் அப்போதும் அட்டைப்பெட்டியில் தட்டினதுபோலவே கேட்டது.

பிறகுதான் கணக்கைப் பார்த்தேன். ஒரு வோல்ட் கொடுத்தால் எச்டி 650 தருவது 103 டெசிபெல். அப்பிள் கொம்பனி 9 டொலருக்கு விற்கும், ஹெட்போனைக் கொளுவும் சின்ன யூ.எஸ்.பி-சி வயர்த்துண்டே மடிக்கணினியில் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் தரும். இசையின் சராசரி அதன் உச்சத்தைவிட 15, 20 டெசிபெல் கீழே நிற்கும் என்று வைத்தாலும் 85 டெசிபெல் அளவுக்கு வருகிறது. வளர்ந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 80 டெசிபெல், அதுவும் வாரத்துக்கு 40 மணித்தியாலம். சத்தம் போதாமல் இருந்ததே இல்லை. குறை வேறெங்கோ இருந்தது.

காதுப் பஞ்சில் இருந்தது. பழைய பஞ்சு சப்பளிந்துபோய், என் காது மடல் உள்ளே இருந்த மெல்லிய துணியில் முட்டிக்கொண்டிருந்தது. இதற்கென்று முதலில் வாங்கிய மலிவுச் சோடி ஒன்று அளவில் சரியாக இருந்தும், மேலே ரெக்சின் போட்டது. கொழும்பு வேர்வைக்குப் பத்து நிமிடத்திலேயே காது நனைந்துவிட்டது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, இதற்கென்றே செய்த வெல்வெட் பஞ்சுக்குச் சொல்லி வைத்தேன். மாற்றுவது சின்ன வேலை. விரல் நுனியை ஓரத்தில் நுழைத்து இழுத்தால் பழையது வளையத்தோடு கழன்று வரும். புதியதைச் சுற்றிவர அமுக்கினால் டிக், டிக் என்று கொளுவிக்கொள்ளும். போட்டு முதற்பாட்டிலேயே தெரிந்தது: நெற்றியில் முட்டிக்கொண்டு நின்ற நாதஸ்வரம் ஓர் அடி பின்னே போய் நின்றது. காதுக்கும் ஒலி வரும் தகட்டுக்கும் இடையிலான தூரம் சில மில்லிமீட்டர் மாறினாலே இவ்வளவு மாறும். பாவித்த ஹெட்போன் வாங்குகிறவர்கள் வேறெதற்கும் காசு கொடுக்கமுன் பஞ்சை மாற்றுங்கள். எங்கள் ஈரக்காற்றில் வெல்வெட் மக்கிய மணம் பிடிக்கும். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பைகள் இரண்டை நான் கூடவே போட்டு வைக்கிறேன்.

அடுத்தது காசே செலவில்லாத திருத்தம். எச்டி 650 இயல்பிலேயே 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே மெல்ல மெல்லச் சரியும். தடியின் கனம் இருப்பதும் அந்தப் பக்கம்தான். விண்டோஸில் ஈக்குவலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே 5 டெசிபெல் உயர்த்தினேன். நாதஸ்வரம் காதைக் குத்தும் 3,200 ஹேர்ட்ஸ் பக்கம் 2 டெசிபெல் இறக்கினேன். கீழே 8, 9 என்று ஏற்றியும் பார்த்தேன். தடியின் அடி கலங்கி, ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியது. 5தான் சரி.

எங்காவது உயர்த்தினால், உச்சங்கள் வெட்டுப்படாமல் இருக்க மொத்தச் சத்தத்தையும் அதேயளவாவது இறக்கவேண்டும். நான் 6 டெசிபெல் இறக்கினேன். கேசட்டில் இருந்து ஏற்றியது ஏற்கெனவே சன்னமானது. இப்போது அந்த அப்பிள் வயர்த்துண்டை முழுக்கத் திறந்தாலும் போதவில்லை. அங்கேதான் கே7 கைகொடுத்தது. குமிழை அரைவாசிக்குத் திருப்பினாலே இழந்ததெல்லாம் திரும்பி வந்தது. அதை வாங்கியது வீணில்லை, வாங்கிய வரிசைதான் பிழை.

கேசட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. அந்தக் காலத்துத் தவில் பதிவு மோனோ. ஆனால் ஸ்டீரியோ பிளேயரில் ஓட்டி ஏற்றும்போது நாடாவின் இரைச்சல் இரண்டு பக்கமும் வெவ்வேறாகப் பதியும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, இரு காதுக்கும் ஒன்றையே அனுப்புங்கள். வாத்தியம் அப்படியே நிற்க, இரைச்சல் 3 டெசிபெல் அளவுக்குக் குறையும். அதே மென்பொருளில் ஒரு வரி எழுதினால் போதும். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) போன்றவற்றுக்குப் போகும்போது மறக்காமல் அந்த வரியை நிறுத்திவிட வேண்டும். வயலின்கள் விரிந்து நிற்பதுதான் அதன் அழகு.

இந்த ஹெட்போனின் பின்பக்கம் வெறும் வலை. ஹைலெவல் வீதியில் 138 பஸ் பிரேக் போடுவது, களனிவெளிப் பாதையில் ரயில் போவது, மின்விசிறி, மாலையில் பீத்தோவனை ஒலித்துக்கொண்டு பாண் விற்க வரும் சூன் பாண் முச்சக்கரவண்டி, எல்லாம் உள்ளே வரும். பகலில் கேட்க வேண்டியவர்கள் இதை வாங்க வேண்டாம், மூடிய ரகம் ஒன்றைப் பாருங்கள். நான் இரவு பத்து மணிக்குப் பிறகுதான் எடுப்பேன்.

போன கிழமை ஓர் இரவு அம்மாவைக் கதிரையில் இருத்தி அவருடைய கேசட்டையே போட்டுக் காட்டினேன். சின்ன வயதில் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய இருந்து தெட்சணாமூர்த்தியைக் கேட்டவர். இரண்டு கையாலும் ஹெட்போனைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் இடது கை மடியில் தாளம் போடத் தொடங்கியது.

"தம்பி, தடி விழுறது இப்பதான் வடிவாக் கேக்குது" என்றார். "முந்தி வெறும் இரைச்சலாத்தான் கிடந்தது. மற்றப் பக்கத்தையும் போடு."