செருப்பு யார் மேல் விழுகிறது?

2015 செப்டம்பரில் மூணாறில் ‘பொம்பிளை ஒருமை’ நடத்திய போராட்டத்தைப் பற்றிப் பேசினால் படித்தவர்கள் ஒரு ‘ஆனால்’ போடுகிறார்கள். கோரிக்கை நியாயம்தான், ஆனால் செருப்பைத் தூக்கிச் சங்கத் தலைவர்களைத் துரத்தியதும் கொடிக்கம்பத்தைப் பிடுங்கியதும் அராஜகமில்லையா என்கிறார்கள். இந்த ‘ஆனால்’ எந்தத் தெருவிலிருந்து வருகிறது?

அந்தப் பெண்களில் பெரும்பாலோர் தமிழ் தலித்துகள். கண்ணன் தேவன் கம்பெனி 10 சதவீத போனஸ் என்றது; இவர்கள் 20 கேட்டார்கள். ஆண் தலைவர்களை விலக்கிவிட்டுக் கொச்சி–தனுஷ்கோடி சாலையில் உட்கார்ந்தார்கள். போடிமெட்டு வழியாக எங்க ஊருக்கு இறங்கி வருகிற அதே ரோடுதான். ஒன்பதாம் நாள், போனசும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் வாங்கினார்கள். விடியக்காலம் போடியிலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஏறுகிற பொம்பளைகளுக்கு இதன் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடந்ததற்காக எங்கள் தாத்தன்மார் அடி வாங்கியிருக்கிறார்கள். அந்தச் செருப்பு மூணாறில் பதவியை நோக்கி ஓங்கியது. துரத்தப்பட்டவருக்கு மறுநாளும் ஆபீஸ் இருந்தது, கட்சி இருந்தது, பதில் சொல்ல மைக் இருந்தது. 2017 ஏப்ரலில், கேரள அமைச்சராக இருந்த எம்.எம்.மணி தங்களை இழிவுபடுத்திப் பேசிவிட்டார் என்று இதே பெண்கள் மறுபடி தெருவில் உட்கார்ந்தார்கள். நாற்காலியில் இருப்பவன் கூலிக்காரியின் ஒழுக்கத்தைப் பேசினால் அவள் எந்த மைக்கில் பதில் சொல்வாள்? தொல்லை என்ற சொல்லை நான் அதற்குத்தான் வைத்திருக்கிறேன்.

நம்ம பக்கமும் பார்க்கணும். தலைவரை ஆபீஸ் வாசலில் மறிப்பது வேறு. வீட்டு வாசலில் நின்று அவர் பெண்டாட்டி பிள்ளையைச் சொல்லிக் கத்துவது வேறு. அதிகாரிக்கு வளையலும் சேலையும் கொடுக்கிற போராட்டம் இன்னும் நடக்கிறது. கையாலாகாதவன் என்றால் பொம்பளை என்று அர்த்தமா? பாடை கட்டி, பறையடித்து ஒருவனை அவமானப்படுத்துகிறோம். பறை இழிவு என்று நம்புகிறவனுக்குத்தானே அது அவமானம்? வரிபாக்கிக்காரன் வாசலில் தண்டோரா போட்டு மானத்தை வாங்கிய நகராட்சிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? தண்டோராவே கூடாதென்று 2022இல் தமிழக அரசே சொல்லிவிட்டது. நாம் விடவில்லை.

அடுத்த போராட்டத்துக்கு வளையல் வாங்கப் போகிற தோழர்கள், முதலில் வளையல் போட்ட கைகளைக் கேளுங்கள். மூணாறில் சாலையை மறித்தது அந்தக் கைகள்தான்.