மரிக்காரும் ஐயரும்

எஸ். ராம்தாஸ் 2016இல் காலமானபோது பலர் அவரை ‘மரிக்கார் ராம்தாஸ்’ என்றே எழுதினார்கள். பிறப்பால் பிராமணர். நடித்ததோ நம்மவராக. ‘கோமாளிகள் கும்மாளம்’ வானொலி நாடகத்தில் அவர் மரிக்கார்; நம்ம பி.எச். அப்துல் ஹமீத் ஐயர். ராஜகோபால் யாழ்ப்பாணத்து அப்புக்குட்டி, செல்வசேகரன் சிங்கள வாடையோடு தமிழ் பேசும் உபாலி. 1976இல் அது ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்தது. பிறகு தொலைக்காட்சிக்கும் போனார். ஆனாலும் வானொலியில் ஒட்டிய அந்தப் பெயர் கடைசிவரை கழரவில்லை.

நான் பிறக்க முந்திய நாடகம் அது. எனக்கு அது வாப்பாவின் வாயால் வந்தது. சீகிரியாவில் கடையைப் பூட்டிவிட்டு வந்து, சோறு தின்னும்போது மரிக்காரைப் போல கதைத்துக் காட்டுவார். உம்மா சிரிப்பா. “நீங்க நடிக்கத் தேவல்ல, சும்மாவே அப்படித்தான் ஈக்கி” என்பா.

உம்மா சொன்னதில்தான் விமர்சனமே இருக்கிறது. தமிழகச் சினிமாவின் பாய் வெகுகாலமாய் ‘நம்பள், நிம்பள்’ என்று உடைந்த தமிழ்தான் பேசினார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு சமூகத்தை, தமிழ் தெரியாத ஆக்களாக அந்தப் படங்கள் காட்டின. ராம்தாஸ் அந்தப் பிழையை விடவில்லை. அவருடைய மரிக்காருக்குத் தமிழ் வீட்டு மொழி. இழுவை, சொல்லை விழுங்குகிற விதம், கோபத்தில் ஏறும் சுருதி, இதெல்லாம் நம்மோடு பழகிக் காது கொடுத்துக் கேட்டவனுக்குத்தான் வரும். ஐயராக நின்ற ஹமீதுக்கும் இதே வார்த்தை பொருந்தும். ஒருவர் பேச்சை மற்றவர் வாங்கிப் பேசிய அந்தக் காலத்தை இண்டைக்கு நினைத்தால் கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது.

ஆனால் ஒன்றை மறைக்க ஏலாது. மரிக்கார் சிரிப்புக்குள்ளேயே நின்றுவிட்டார். நான் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் வாய் திறந்து ‘செல்லுங்க’ என்றதும், பக்கத்தில் இருந்தவன், “ஆ, மரிக்கார்!” என்றான். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனாலும் தமிழ் சிறப்புப் பட்டம் முடிக்கும்வரை வீட்டுப் பேச்சை நான் விடுதி அறையிலேயே பூட்டி வைத்தேன். இந்தக் குற்றத்தை ராம்தாஸின் தலையில் போட மாட்டேன். சிரிக்க வைப்பது அவர் தொழில். அதைச் சுத்தமாய்ச் செய்தார். அதே பேச்சை அழவும், தர்க்கிக்கவும், காதலிக்கவும் வைத்து நாடகம் எழுதியிருக்க வேண்டியவர்கள் நாம். நாம்தான் மேடை ஏறினால் ஏட்டுத் தமிழுக்கு ஓடிவிடுகிறோம்.

போன தவணை தரம் 10 பிள்ளைகள் ஒரு நாடகம் எழுதி வந்தார்கள். அதில் தரகர் நம்ம பேச்சில் பேசுகிறார். மகளைப் பறிகொடுத்த வாப்பா செந்தமிழில் அழுகிறார். மாற்றி எழுதச் சொன்னேன். ஒருத்தன் கேட்டான்: “சேர், வாப்பா இப்படிக் கதெச்சா ஆக்கள் சிரிச்சிர மாட்டாங்களா?”

மாற்றித்தான் நடித்தார்கள். முதல் இரண்டு வசனத்துக்கு மண்டபம் சிரித்தது. மூன்றாவதுக்குச் சிரிக்கவில்லை.